காட்டுக்குப் போன சாணைப் பெட்டி

மேலே வைக்க வேண்டாம் தம்பி, மடியிலேயே இருக்கட்டும். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? இதோ, நெடுக்காகத் திருப்பிக்கொள்கிறேன். மேலே வைத்தால் இந்த டிரைவர் போடுகிற பிரேக்குக்கு யார் தலையிலாவது விழும். தலை கிடக்கட்டும், பெட்டி முனை நசுங்கிவிடும்.

டிபன் பாக்ஸ் இல்லை. கண்டக்டரும் அப்படித்தான் கேட்டார், "என்ன பெருசு, மதுரை வரைக்கும் கட்டுச்சோறா?" என்று. நான் பதில் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஒருத்தரிடம் என்றால் பேசுவேன். அதுவும் இறங்கிப் போய்விடுகிற ஆள் என்றால் நன்றாகவே பேசுவேன். நீங்கள் எங்கே, திருமங்கலமா? சரி. இப்போதுதான் புளியங்குடி தாண்டுகிறது. நேரம் இருக்கிறது.

இது சாணைப் பெட்டி. கத்தி தீட்டுகிற பெட்டி. காட்டில் கூடாரம் போட்டுப் படுக்கிறவர்கள் கையோடு எடுத்துப் போவதற்காக நான் செய்தது. சிரிக்காதீர்கள். கூடாரத்தில் படுப்பது நான் இல்லை. எனக்குக் கடையநல்லூரில் சொந்த வீடு இருக்கிறது. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் நானே செய்தது. ஐப்பசி மழையிலும் ஒரு கதவு ஊறி இறுகிப் பிடிக்காது. காட்டில் போய்ப் படுப்பது என் மகளும் மாப்பிள்ளையும்.

கேம்ப்பிங் என்று பெயர். நீங்கள் போவதுண்டா? இல்லை அல்லவா, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மதுரையில் அவர்களுக்கு மூன்றாவது மாடியில் வீடு. ஏ.சி. இருக்கிறது. இவ்வளவு உயரம் மெத்தை இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் அதையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டு, காரை எடுத்துக்கொண்டு மலைமேல் போய், குடை மாதிரி விரிகிற ஒரு துணிக்குள் தரையில் படுப்பார்கள். கொசு கடிக்கும். அட்டை கடிக்கும். காலையில் எழுந்து "செமையா இருந்துச்சு" என்பார்கள். வீட்டில் அரை மணி நேரம் கரண்ட் போனால் குதிக்கிற ஆட்களும் இவர்கள்தான். மலைமேல் போய் இருட்டைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மாப்பிள்ளை பெயர் இளஞ்செழியன். கம்ப்யூட்டர் வேலை. நல்ல பிள்ளைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. அவர் மாட்டிய காலண்டரைப் பார்த்தால் எனக்குக் கழுத்து வலிக்கும். மகள் வடிவு. எனக்கு ஒரே பிள்ளை. பேங்கில் இருக்கிறாள்.

ஆடி மாதம் ஊருக்கு வந்திருந்தார்கள். மதியம் சாப்பிட்டு முடித்ததும் வடிவு பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தாள். காட்டில் சமைக்கிறபோது காய் வெட்டுகிற கத்தியாம். நான் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தயிரை வெட்டலாம். கூடவே ஒன்றை எடுத்து வைத்தாள். பிளாஸ்டிக்கில் வண்டு மாதிரி இருந்தது, நடுவில் ஒரு பிளவு. கத்தியை அந்தப் பிளவில் விட்டு இழுத்தால் கூராகிவிடுமாம். மாப்பிள்ளை இழுத்துக் காட்டினார். கர்ர் என்று பல்லைக் கூச வைக்கிற சத்தம்.

"எப்பிடி மாமா?"

"நல்லாப் பிறாண்டுது" என்றேன்.

வடிவு சிரித்தாள். அப்புறம்தான் கேட்டாள். "அப்பா, காட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு தாங்களேன். கல்லு கில்லு எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள அடங்கணும். தோள்ல போட்டுட்டு நடக்கணும், கனக்கக் கூடாது."

அவள் என்னிடம் எதையும் கேட்கிற பெண் இல்லை தம்பி. கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் செய்து தருகிறேன் என்றேன். "வேண்டாம்ப்பா, கடையில வாங்கிக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டாள். கடைக் கட்டில்! மரத்தூளைப் பிசைந்து பலகையாக்கி, மேலே மரத்தின் படத்தை ஒட்டி விற்கிறானே, அது. தச்சன் மகள் அதில் படுத்திருக்கிறாள். எட்டு வருஷம் கழித்து இப்போதுதான் வாய் திறந்து ஒன்று கேட்கிறாள். எனக்கு... சரி, அது கிடக்கட்டும். செய்து தருகிறேன் என்றேன். பதிலுக்கு நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று. கையில் வாங்கிப் பார்த்து, "நல்லாருக்குப்பா" என்று ஒரு வார்த்தை அவள் சொல்ல வேண்டும். ஊரில் என்னிடம் கதவு வாங்கிய அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். அவள் இதுவரை சொன்னதில்லை.

அன்றைக்கே மரம் பார்த்தேன். தேக்கு வெறும் பகட்டு. வேம்பு கனக்கும். மாமரம் ஈரம் பட்டால் முறுக்கிக்கொள்ளும். பூவரசில் ஒரு துண்டு, நன்றாகக் காய்ந்தது, பரணில் கிடந்தது. அதை எடுத்தேன். சாணைக்கல் கடையில் வாங்கினால் ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் மழமழப்பு, செங்கல்லில் பாதி கனம் இருக்கும். அதை நெடுக்காகப் பாதியாக அறுத்தேன். கல்லை அறுப்பது மரத்தை அறுப்பது போல் இல்லை. நனைத்து நனைத்து அறுக்க வேண்டும். மூன்று ரம்பப் பிளேடு போயிற்று. போகட்டும்.

மூடியின் உள்பக்கம் ஒரு தோல் துண்டு ஒட்டினேன். தீட்டி முடித்த கத்தியைக் கடைசியில் அதில் நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். தண்ணீருக்குக் கண் சொட்டு மருந்துக் குப்பி ஒன்று, கழுவிக் காயவைத்தது. கல் ஒரு பள்ளத்தில் உட்காரும். குப்பி ஒரு பள்ளத்தில். மூடியை மூடிக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக் குலுக்கினால் ஒரு சத்தம் வரக் கூடாது. குலுக்கிப் பாருங்கள். பார்த்தீர்களா? ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் கடகடவென்று ஆடும். எங்கள் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம்.

இதெல்லாம் எவனும் செய்வான். இதில் முக்கியமானது இந்தச் சரிவுக்கட்டை. கல்லுக்கு வலது பக்கம் இருக்கிறதே, இதுதான். கத்தி தீட்டத் தெரியாதவன் கத்தியை ஒரு தடவை நிமிர்த்திப் பிடிப்பான், ஒரு தடவை படுக்க வைப்பான். கூர் எப்படி வரும்? இதில் கத்தியை அந்தச் சரிவின் மேல் படுக்க வைத்து, முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் போதும். சாய்வு மாறவே மாறாது. குருடன்கூடத் தீட்டலாம். மாப்பிள்ளையையும் மனதில் வைத்துத்தான் செய்தேன். என் உளிக்கு என்ன சரிவோ அதே சரிவு.

மறுபக்கமா? மறுபக்கத்தை ஏன் தொட வேண்டும்? நல்ல கேள்வி கேட்டீர்கள், படித்தவர்கள் எல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். உளியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம்தான் சரிவு. இழைப்புளித் தகட்டுக்கும் ஒரு பக்கம்தான். மறுபக்கம் கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கும். அதுதான் கூர். கடையில் விற்கிற கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரித்து வைத்திருப்பான். எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கத் தெரியாதவன் செய்த வேலை அது. நான் வடிவு விட்டுப்போன கத்தியை எடுத்து, வலது பக்கத்தை மட்டும் தேய்த்து, இடது பக்கத்தைத் தட்டையாக்கினேன். முன்கையில் வைத்து இழுத்தேன். ரோமம் சத்தமில்லாமல் விழுந்தது.

என் வீட்டுக்காரி கோமு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எல்லாஞ் சரி. அவ எந்தக் கையில வெட்டுவான்னு கேட்டீங்களா?" என்றாள்.

"எந்தக் கையில வெட்டுவா? சோத்துக் கையிலதான்" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் பாதிப் பேச்சுதான்.

அது என்னவென்றால் தம்பி, வடிவு சின்னப் பிள்ளையில் பீச்சாங்கைக்காரி. எடுப்பது, எறிவது, எழுதுவது எல்லாம் இடது கை. சோற்றிலும் அதே கையை விடுவாள். பட்டறைக்கு வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சும்மா விடவில்லை. சாப்பிடுகிற நேரத்திலும் எழுதுகிற நேரத்திலும் அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவேன். அழுவாள். கோமுவும் சேர்ந்து அழுவாள். ஒரு வருஷம் கட்டினேன். இப்போது பேங்கில் கையெழுத்துப் போடுகிறாள், முத்து முத்தாக, வலது கையில். நான் செய்த வேலைகளில் திருப்பித் திருத்த வேண்டியே வராத வேலை அது.

இந்த ரோட்டைப் பாருங்கள். போன வருஷம் போட்ட ரோடு. வேலை செய்தவனுக்கும் மேற்பார்வை பார்த்தவனுக்கும் மட்டம் என்றால் என்னவென்றே தெரியாது.

பெட்டி தயார் என்று போனில் சொன்னேன். மாப்பிள்ளைதான் பேசினார். "மாமா, அடுத்த வாரம் தாண்டிக்குடியில கேம்ப். ஃப்ரெண்டோட காப்பித் தோட்டம். நீங்களே கொண்டாங்க, வந்து எங்களோட இருங்க" என்றார். எனக்கு அந்தக் கோமாளித்தனத்தைப் பார்க்க ஆசை இல்லை. ஆனால் பெட்டியை யாராவது தப்பாகப் பிடித்துக் கல்லை உடைத்துவிட்டால்? அதற்காகப் போனேன். அதற்காக மட்டும்தான்.

மொத்தம் ஏழு பேர். கொண்டு வந்திருந்த சாமான்களைப் பார்க்க வேண்டுமே! மடக்குகிற நாற்காலி, மடக்குகிற மேஜை, மடக்குகிற அடுப்பு. மடக்காதது அவர்கள் முதுகு ஒன்றுதான். தலையில் பெல்ட் போட்டு நெற்றியில் டார்ச் கட்டியிருந்தார்கள், பட்டப்பகலில். காப்பித் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு பாக்கெட்டைக் கிழித்துக் காப்பிப் பொடி போட்டார்கள். நான் ஒரு மரத்தடியில் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து யாரையும் பார்க்காமல் இருந்தேன். ஒருத்தி வந்து "அங்கிள், கம்ஃபர்ட்டபிளா இருக்கீங்களா?" என்றாள். தலையை ஆட்டினேன். ஒன்றுக்குப் போக எங்கே போவது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மதியம் சமையல் ஆரம்பித்தபோது மாப்பிள்ளை எல்லோரையும் கூப்பிட்டு, "எங்க மாமா ஒரு கிட் பண்ணிருக்காரு, வந்து பாருங்க" என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. பெட்டியைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவர்கள் கொண்டு வந்திருந்த நாலு கத்திகளையும் வரிசையாகத் தீட்டினேன். சர் சர் என்று அந்தச் சத்தம் மட்டும்தான். ஜெரால்டு என்று ஒரு பையன், தோட்டம் அவனுடையது, ஒரு காகிதத்தைத் தொங்கவிட்டுக் கத்தியால் தொட்டான். காகிதம் இரண்டாக விழுந்தது.

"அங்கிள்! வேற லெவல்! இத ஆன்லைன்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்."

பிய்த்துக்கொண்டு போக இது என்ன பரோட்டாவா?

ஆளாளுக்குக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். நான் வடிவை மட்டும் பார்த்தேன். அவள் மூடியைத் திறந்து மூடினாள். காதில் வைத்துக் குலுக்கினாள். அவளுக்குத் தெரியும் அல்லவா, என் மகள். கண் சொட்டுக் குப்பியை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்தாள். சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "வடிவு, கேரட்டு!" என்று அடுப்புப் பக்கமிருந்து ஒருத்தி கத்தினாள். பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை தக்காளி வெட்டினார். "சூப்பரா இறங்குது மாமா. லேசா ஒரு பக்கமாச் சாயுது, அவ்வளவுதான்." காலண்டர் மாட்டுகிறவர் எனக்குச் சாய்வைப் பற்றிச் சொல்கிறார்!

வடிவு எனக்கு முதுகைக் காட்டி நின்று வெட்டிக்கொண்டிருந்தாள். கொடைக்கானல் பக்கத்துக் கேரட், ஒவ்வொன்றும் மணிக்கட்டுத் தடிமன். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினாள். ஒரு துண்டை எடுத்து என்னிடம் கொண்டு வந்தாள். மேலே விரல் தடிமன், கீழே காகிதம்.

"அப்பா, கத்தி வெளிய ஓடுது. நேரா வெட்ட மாட்டேங்குது. ஒரு பக்கந்தான் தீட்டியிருக்கீங்களா?"

"ஒரு பக்கந்தான் தீட்டணும். நீ ஒழுங்கா அழுத்து."

திரும்பிப் போய் மறுபடி வெட்டினாள். நான் எழுந்து பக்கவாட்டில் போய் நின்று பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கத்தி எந்தக் கையில் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆமாம். அந்தக் கையில். வெளியாட்கள் ஐந்து பேர் பார்க்க, ஒரு வெட்கம் இல்லாமல்.

"ஏட்டி, கைய மாத்து!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. மரத்தில் இருந்த பறவை பறந்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி, அவள் மாற்றினாள். முப்பத்து நாலு வயதுப் பெண், பேங்கில் அதிகாரி. யோசிக்கவே இல்லை. சின்னப் பிள்ளையில் எப்படித் தோளைக் குறுக்கிக்கொண்டு மாற்றுவாளோ அப்படியே சட்டென்று மாற்றினாள். பழக்கியது வீண் போகவில்லை, பார்த்தீர்களா?

வலது கையில் இரண்டாவது வெட்டு வெட்டும்போது, கேரட்டைப் பிடித்திருந்த விரலில் இறங்கிவிட்டது. ஆழம்தான். பலகையெல்லாம் ரத்தம். மாப்பிள்ளை ஓடி வந்து துணியைச் சுற்றினார். ஒருத்தி மருந்துப் பெட்டியைத் தேடினாள். ஜெரால்டு தண்ணீரைக் கொட்டினான். எல்லோரும் பதறினார்கள். நான் பதறவில்லை. "நல்ல கூரு. வலி தெரியாது. சீக்கிரம் கூடிரும்" என்றேன். உண்மைதானே? மழுங்கல் கத்தியாக இருந்தால் கிழித்திருக்கும்.

தப்பு யார் மேல்? வலது கையில் வெட்டிப் பழகியிருந்தால் ஏன் விரலில் படுகிறது? நீங்களே சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம், நான் முடித்துவிடுகிறேன்.

விரலில் கட்டுப் போட்டதும் அவள் எழுந்து வந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த சாணைப் பெட்டியைப் பிடித்தாள். அப்படியே திருப்பினாள். முன்பக்கம் பின்னால் போயிற்று, வலது பக்கச் சரிவு இடது பக்கம் வந்தது. குப்பியிலிருந்து நாலு சொட்டு விட்டாள். இடது கையில் கத்தியை எடுத்து, நான் தட்டையாக்கி வைத்திருந்த பக்கத்தைச் சரிவில் படுக்க வைத்துத் தீட்ட ஆரம்பித்தாள்.

நான் கண்ணாடியாக்கி வைத்த பக்கம்! அதன் மேல் கல்லைப் போட்டுத் தேய்க்கிறாள்!

"ஏட்டி, அது தலைகீழா இருக்கு."

"இருக்கட்டும்."

"அப்பிடி வைக்கக் கூடாது. அதுக்குன்னு ஒரு மொற இருக்கு."

அவள் தீட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தோலில் நாலு இழுப்பு. அதை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை. நான் சொல்லித் தந்ததில்லை. போய் மிச்சக் கேரட்டை வெட்டினாள், அதே இடது கையில், கட்டுப் போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் பார்க்கவில்லை. ஜெரால்டு "அடேங்கப்பா" என்றான். அதனால் ஒழுங்காக விழுந்திருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

அப்போது நான் ஒரு வார்த்தை சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தகப்பன் சொல்லக்கூடியதுதான். "பீச்சாங்கையில சோறாக்குதியே, இத எவன் திம்பான்?" என்றேன்.

வடிவு கத்தியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அவளுக்கும் என்னைப் போலத்தான், நாலு பேர் முன்னால் குரல் எழும்பாது.

"அப்பா, இருவது வருஷமா நான் இந்தக் கையிலதான் வெட்டுதேன். உங்க முன்னால மட்டும் வெட்டுனதில்ல."

கேட்டீர்களா? இருபது வருஷம்! நான் பட்டறையில் இருக்கும்போது அடுக்களையில் இந்த வேலை நடந்திருக்கிறது. அவள் அம்மாவுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்த ஜெரால்டுப் பையனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருவன். பெற்ற தகப்பனை இப்படி ஏமாற்றலாமா? அதைப் பற்றி அங்கே ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசி இல்லை. மாப்பிள்ளை ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டேன், அதற்கு யாருடைய கையும் தேவைப்படாது.

மறுநாள் காலையில் வத்தலக்குண்டு வரை காரில் கொண்டு வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். பஸ் கிளம்பும்போது வடிவு ஜன்னல் வழியாக இந்தப் பெட்டியை நீட்டினாள்.

"நல்ல வேலப்பாடுப்பா. ஆனா இது எனக்குச் செஞ்சது இல்ல. நீங்களே வச்சுக்கிடுங்க."

'நல்ல வேலைப்பாடு.' எக்ஸிபிஷனில் சுற்றிப் பார்க்க வந்தவள் சொல்கிற மாதிரி. நான் கேட்டது அந்த வார்த்தை இல்லை. அவளுக்குச் செய்தது இல்லையாம். பிறகு யாருக்குச் செய்தேன்? மூன்று பிளேடு யாருக்காகப் போயிற்று? வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் எடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் கோபம் என்று நினைக்காதீர்கள். பேங்க் வேலை, நெருக்கடி. என் போனுக்கு டவரும் சரியாகக் கிடைப்பதில்லை. கோமு போனுக்கு மட்டும் தினம் கிடைக்கிறது. அவள் அடுக்களையில் நின்று பேசுவாள், நான் போய்ப் பக்கத்தில் நின்றால், "சரிம்மா, வைக்கேன்" என்று அந்தப் பக்கத்தில் கேட்கும். தீபாவளிக்கும் வரவில்லை. காட்டில் கொண்டாடினார்களாம். காட்டில் எவன் தீபாவளி கொண்டாடுவான்? நரி கொண்டாடும்.

நான் ஒன்றும் யோசிக்காத ஆள் இல்லை. எந்த விஷயத்தையும் செய்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன். ஒரு நாள் கோமு கோயிலுக்குப் போயிருந்தபோது பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வீட்டுக் கத்தி ஒன்றை என் முறைப்படி வலது பக்கம் தீட்டினேன். ஒரு கேரட்டை எடுத்து, இடது கையில் கத்தியைப் பிடித்து வெட்டினேன். அவள் சொன்னது சரிதான். வெளியே ஓடியது. எவ்வளவு அழுத்தினாலும் ஓடியது. மேலே தடிமன், கீழே காகிதம். நாலு கேரட் வெட்டினேன், நாலும் அப்படியே. கத்தி இருந்தபடியே இருக்க, வலது கைக்கு மாற்றிப் பிடித்தேன். கீழே லேசாகத் தடித்தது. அது மண்ணில் விளைந்த பொருளின் குணம், மற்றபடி நன்றாக விழுந்தது. ஆக, தப்பு கத்தியில் இல்லை, இடது கையில்தான் என்று நிரூபணம் ஆகிவிட்டது. கோமுவிடம் சொன்னேன்.

"ரெண்டு பக்கமும் ஒரு சரிவுக்கட்டை வச்சுக் குடுத்தா உங்க கொம்பு ஒடிஞ்சிருமா?" என்றாள்.

இரண்டு பக்கமும் வைப்பதாம்! அப்புறம் இதற்கும் அந்தப் பிளாஸ்டிக் வண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இன்று கிளம்பும்போதும், "போகாதீங்க, அவ கூப்பிடட்டும்" என்றாள். கூப்பிடட்டும் என்றால் எப்போது கூப்பிடுவாள்? எனக்கு அறுபத்தெட்டு. ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? தப்பைத் திருத்திக் கொண்டு போனால் அவளும் இறங்கி வருவாள். திருத்திவிட்டேன். அதைத்தான் கொண்டு போகிறேன்.

இதோ, அடியில் விரலை வைத்துப் பாருங்கள். முன்பக்கம் மட்டும் ஒரு கட்டை தட்டுப்படுகிறதா? முன்பு அது இல்லை. மேஜை ஓரத்தில் இந்தக் கட்டையைக் கொக்கி மாதிரி மாட்டினால் பெட்டி அசையாமல் உட்காரும். இப்போது திருப்பி வையுங்கள், உங்கள் பையின் மேலேயே வையுங்கள். ஆடுகிறதா? அவ்வளவுதான். திருப்பி வைத்தால் கட்டை பெட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கும், கத்தி ஒரு நொடி நிற்காது. ஆணி அடிக்கவில்லை, ஸ்க்ரூ போடவில்லை. பசை வைத்து இறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டது. கழற்ற வேண்டுமென்றால் பெட்டியை உடைக்க வேண்டும். நான் செய்த பெட்டியை என் மகள் உடைப்பாளா? உடைக்க மாட்டாள். வேறு வழி இல்லாமல் கையை மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு அடுப்படியிலிருந்து கூப்பிட்டதால் சொல்லாமல் விட்ட வார்த்தையை அப்போது சொல்லிவிடுவாள்.

திருமங்கலம் வந்துவிட்டது. உங்கள் குடையை மறந்துவிடாதீர்கள்.

இல்லை, நான் வருவதை அவளிடம் சொல்லவில்லை. சொல்வதென்றால் அவள் போனை எடுக்க வேண்டுமே. மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டுவேன். திறந்ததும் ஒன்றும் பேசாமல் இதை அவள் கையில் வைத்துவிடுவேன். வலது கையில்.